அதிகம் ஓடாத காரின் இன்ஜின் ஆயில்: எப்போது பார்ப்பது, எவ்வளவு ஊற்றுவது?

பள்ளத்தூர் வீட்டுக்காரர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் 2015ஆம் ஆண்டு பெட்ரோல் கார் பள்ளத்தூர் வீட்டின் பின்கட்டை ஒட்டிய ஷெட்டில் நிற்கிறது. நாங்கள் சென்னையில் இருப்பதால் விசேஷங்களுக்கு ஊருக்கு வரும்போது மட்டுமே அது வெளியே போகும். மற்ற நாட்களில், பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். இம்முறை ஒரு கல்யாணத்துக்காக வந்து பானெட்டைத் திறந்து பார்த்தபோது, ஆயில் கேஜ் கம்பியில் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலேதான் ஆயில் ஒட்டியிருந்தது. ஒரு பட்டறையில் மொத்த ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு பட்டறையில், வண்டி பழசாகிவிட்டதால் 20டபிள்யூ-50 என்னும் தடித்த ஆயில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டால் போதும் என்கிறார்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 என்றுதான் போட்டிருக்கிறது. ஆயில் மாற்றி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் வண்டி அதிக தூரம் ஓடவில்லை. ஓடாத வண்டியில் ஆயில் எப்படிக் குறையும், எதைச் செய்வது முறை என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டைப் பட்டறை

வணக்கம் ஐயா. ஊற்றுவதா மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன், நீங்கள் பார்த்த அளவு சரியான அளவுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் செட்டிநாட்டுப் பகுதி வீடுகளில் பல ஷெட்டுகளின் தரை தெருமட்டத்தைவிட உயர்ந்தும், மழைத்தண்ணீர் உள்ளே தங்காதபடி வாசல் பக்கம் சற்றுச் சரிந்தும் இருக்கும். நின்று பார்த்தால் தெரியாத அந்தச் சரிவே சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஆயிலை ஒரு பக்கம் ஒதுக்கி, கம்பியில் அளவைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். வண்டியை முதலில் சமதரைக்குக் கொண்டுவாருங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். மேலே வால்வுப் பகுதியிலும் உள்பாதைகளிலும் நிற்கும் ஆயில் சம்ப்புக்கு வடிய அந்த அவகாசம் வேண்டும். முதல் தடவை உருவும்போது கம்பியில் தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்; ஓட்டத்தில் தெறித்த ஆயில் கம்பி முழுதும் பூசியிருக்கும். பனியன் வேஸ்ட்டால் நுனிவரை துடைத்து (நூல் பிரியும் துணி வேண்டாம்), பிடி அடியில் உட்காரும்வரை அழுத்திச் செருகி, மறுபடி உருவி, நுனி மேல்நோக்கி எழும்பாமல் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். நுனியைத் தூக்கினால் ஆயில் மேலே ஓடி, இல்லாத அளவைக் காட்டும். கம்பியின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால், செருகும்போது குழாய்ச் சுவரில் உரசி ஒட்டியது உயர்ந்த பக்கம். தாழ்ந்த பக்கமே கணக்கு. புது ஆயில் தெளிவாக இருப்பதால் அதன் விளிம்பு எளிதில் தெரியாது, வெயிலில் சற்றுத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

பெரும்பாலான சிறிய கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். உங்கள் வண்டிக்கான கணக்கு கையேட்டில் இருக்கும். கீழ்க்கோட்டை ஒட்டி நிற்கும் வண்டியில் ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்ப்பது தவறு. கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பார்த்து, பிறகு மேலே போங்கள். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரை கலந்த ஆயில் அழுத்தம் கொடுக்காது, சீல்கள் வழியாகக் கசியவும் தொடங்கும். கூடுதலாக ஊற்றியதை வெளியே எடுப்பது ஊற்றுவதைவிட வேலை பிடிக்கும் காரியம்.

கானாடுகாத்தான் ஆச்சி

தம்பி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வண்டியைச் சூடாக்கித்தான் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் காலையில், வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன்பே பார்க்கிறேன். ஆயில் முழுவதும் இறங்கியிருக்கும், கையும் சுடாது, காத்திருக்கவும் வேண்டாம். என் கணவர் வைத்திருந்த அம்பாசிடர் காலத்திலிருந்து வீட்டில் இதுதான் வழக்கம்; இப்போதிருக்கும் சிறிய காருக்கும் அப்படியே செய்கிறேன். எந்த நேரத்தில் பார்த்தாலும், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், அதே இடத்தில் பார்ப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

காரைக்குடி பொறியாளர்

இரண்டு முறைகளுமே சரிதான். கலந்து பார்ப்பதுதான் குழப்பம் தரும். ஆயில் ஒரு டிகிரி சூடேறினால் அதன் கன அளவு ஏறத்தாழ 0.07 சதவீதம் கூடும். சம்ப்பில் 4 லிட்டர் இருந்து, காலையில் 28 டிகிரியாக இருந்தது ஓட்டத்தில் 98 டிகிரியானால், ஏறக்குறைய 200 மில்லி விரிந்திருக்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஒரு லிட்டர் என்றால், இது அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. காலையில் பார்த்து மேல்கோடு வரை நிரப்பினால் மதியம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். சூட்டில் பார்த்து நிரப்பியதை மறுநாள் காலையில் பார்த்தால் குறைந்ததாகத் தோன்றும். ஆகவே உங்கள் கையேடு எந்த நிலையைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஆச்சி சொல்வதுபோல் எப்போதும் காலையில் பார்ப்பதானால், மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடாத வண்டியில் ஆயில் எப்படிக் குறையும் என்ற கேள்விதான் இங்கே சுவையானது. வாரம் ஐந்து நிமிடம் ஓடவிடுவது இன்ஜினுக்கு நன்மை செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். அதன் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியேறினாலும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவில் கொஞ்சம் ஈரமும், குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகச் செலுத்தப்படும் பெட்ரோலில் கொஞ்சமும் ஆயிலோடு சேர்ந்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது; டாஷ்போர்டு முள் கூலன்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைத்தான் காட்டுகிறது, ஆயில் அதற்குப் பின்தான் சூடேறும். இப்படி மாதக்கணக்கில் சேரும் தண்ணீரும் பெட்ரோலும் கம்பியில் அளவாகவே தெரிவதால், உள்ளே உண்மையில் குறைந்துவரும் ஆயிலை அவை மறைத்துவிடுகின்றன. பிறகு ஒரு நாள் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்வந்தால், நெடுஞ்சாலைச் சூட்டில் அந்தக் கலப்பு ஆவியாகி, ஒரே பயணத்தில் ஆயில் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். குறைந்தது அந்தப் பயணத்தில் அல்ல.

இந்தக் காரணத்தால்தான் கையேடுகள் கிலோமீட்டரோடு காலத்தையும் சேர்த்து, 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அது என்று சொல்கின்றன. உங்கள் வண்டியைப் பொறுத்தவரை மாற்றச் சொன்ன பட்டறையின் பக்கமே நியாயம் இருக்கிறது.

பள்ளத்தூர் வீட்டுக்காரர்

விரிவான பதில்களுக்கு நன்றி. இன்று வண்டியை மகர்நோன்புப் பொட்டல் அருகே சமதரையில் நிறுத்தி, தம்பி சொன்ன முறையில் பார்த்தேன். ஷெட்டில் பார்த்ததைவிடச் சற்று மேலே, கீழிருந்து கால் பங்கு உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அதன் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு பசை அப்பியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் தகடு) போய்விட்டால் இப்படித்தான் ஆகும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார்.

தேவகோட்டைப் பட்டறை

மூடியில் மட்டும் பசை இருப்பதை வைத்து ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மூடி இன்ஜினின் மேல்பகுதியில் இருப்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பொறியாளர் சொன்ன ஈரம் முதலில் அங்கேதான் படிந்து ஆயிலோடு கலந்து பசையாகும். கம்பியில் வரும் ஆயில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கூலன்ட் உள்ளே இறங்கியிருந்தால் கம்பியிலேயே ஆயில் பால் விட்ட காபிபோல் கலங்கியிருக்கும், கூலன்ட் டப்பாவில் அளவு மீண்டும் மீண்டும் குறையும், இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காது. இவற்றில் எதுவும் இல்லையென்றால் மூடியைத் துடைத்துவிட்டு, ஆயிலை மாற்றி, வண்டியை ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பசை திரும்ப வராது.

குறைந்த ஆயில் எங்கே போனது என்பதையும் பார்த்துவிடுங்கள். வெளியே கசிகிறது, அல்லது உள்ளே எரிகிறது, இந்த இரண்டே வழிதான். டாப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் ஆகிய மூன்றையும் கைவிரலால் தடவிப் பாருங்கள். நம் செம்மண் புழுதி கசிவு இருக்கும் இடத்தில் வந்து ஒட்டிக் கெட்டியாகிவிடும் என்பதால், கசிவைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் டார்ச்கூடத் தேவையில்லை. நெடுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை கொஞ்ச நேரம் வந்து அடங்கினால் வால்வு சீல் இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். அது பெரிய வேலை.

கோட்டையூர்ப் பழைய வண்டி

20டபிள்யூ-50 ஊற்றச் சொன்ன பட்டறைக்காரரை எல்லோரும் ஒதுக்கிவிட்டது சரியில்லை என்று கருதுகிறேன். எங்கள் அப்பச்சி காலத்து அம்பாசிடருக்கு இன்றும் அதைத்தான் ஊற்றுகிறோம். இன்ஜின் சத்தம் அடங்கி, ஆயிலும் குறையாமல் நிற்கிறது. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர்போல் இருக்கும் ஆயில் எப்படித் தாங்கும்?

காரைக்குடி பொறியாளர்

அண்ணே, உங்கள் அம்பாசிடருக்கு அது பொருத்தமான ஆயில்தான். அந்த இன்ஜினின் இடைவெளிகள் அப்படிப்பட்ட ஆயிலை எதிர்பார்த்து வைக்கப்பட்டவை. 2015ஆம் ஆண்டு காரின் நிலை வேறு. ஆயிலின் கிரேடில் முன்னால் வரும் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் வரும் எண் 100 டிகிரியில் அதன் தடிமனையும் குறிக்கின்றன. வெளியே 40 டிகிரி வெயிலடித்தாலும், தெர்மோஸ்டாட் கூலன்டை ஏறத்தாழ 90 டிகிரியில் நிறுத்திவிடுவதால், இன்ஜினுக்குள் ஆயில் சந்திக்கும் சூடு ஊட்டியிலும் காரைக்குடியிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஊர் வெயிலை வைத்து ஆயிலின் தடிமனைக் கூட்டுவது பழைய வழக்கம். இன்றைய இன்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அதன் குறுகலான பாதைகளில் தடித்த ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். தேய்மானத்தில் கணிசமான பகுதி குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடேறும்வரை நிகழ்வதால், அடிக்கடி நின்று கிடக்கும் வண்டிக்கு வேகமாக ஓடிச் சேரும் ஆயிலே வேண்டும். கையேடு மாற்று கிரேடு ஒன்றை அனுமதித்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அதற்கு வெளியே போக வேண்டாம்.

நிறுவனம் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனைகளில் ஒன்று. கிரேடும் தரமும் பொருந்தினால் வேறு நிறுவனத்தின் அரை லிட்டரைக் குறைந்த அளவுக்கு ஊற்றிக்கொள்வதில் தவறில்லை. பெட்ரோல் காருக்குத் தற்போது கிடைப்பவற்றில் எஸ்.பி. என்பது 2020இல் வந்த தரம், அதற்கு முந்தைய எஸ்.என். தரத்தைக் கேட்கும் வண்டிக்கு அதைத் தாராளமாக ஊற்றலாம். கேனைத் திறந்து லூஸில் அளந்து தரும் ஆயிலை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது எது என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

கொத்தமங்கலம் டாக்ஸி

என் சிக்கல் இதற்கு நேர்மாறானது. என்னிடம் இருப்பது பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாடு) டீசல் வண்டி. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று வெளியூர் விருந்தினர்களைச் சுற்றிக் காட்டும் குறுகிய ஓட்டம்தான் அதிகம். ஏசிக்காக நின்ற இடத்திலும் இன்ஜின் ஓடும். ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. மேல்கோட்டுக்குக் கீழே இருந்தது இப்போது அதைத் தாண்டி நிற்கிறது, நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஆயிலும் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிட்டது. குறையாதவரை நல்லது என்கிறார் உடன் ஓட்டும் நண்பர்.

காரைக்குடி பொறியாளர்

இந்த இழையிலேயே அவசரமாகக் கவனிக்க வேண்டியது உங்கள் வண்டிதான். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளால் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அது நிரம்பும்போது, பிடித்த கரியை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைத் தாமதமாகச் செலுத்திப் புகையின் சூட்டை ஏற்றும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால் அந்த எரிப்பு ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். நீங்கள் பிள்ளையார்பட்டியில் இறங்குவதற்குள் தொடங்கி, அணைப்பதால் பாதியில் நின்று, மறுபடி ஆத்தங்குடிப் பாதையில் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து சம்ப்பில் சேரும். ஏறியிருப்பது ஆயில் அல்ல, டீசல். கம்பி நுனியை முகர்ந்து பாருங்கள். துணியில் ஒரு சொட்டு வைத்தால் வழக்கத்தைவிட வேகமாகப் பரவும்.

ஆயில் நீர்த்துவிட்டால் பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் போதிய படலம் கிடைக்காது. அளவு மேலும் ஏறினால், அந்தக் கலவை காற்றுப்பாதை வழியாக இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்பட்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் இன்ஜின் தானே வேகமெடுத்து ஓடும் அபாயம் டீசல் வண்டிகளில் உண்டு. மேல்கோட்டைத் தாண்டியிருப்பதால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். மிஞ்சியிருப்பதும் நீர்த்த ஆயில்தான். ஃபில்டரோடு முழுவதையும் மாற்றி, கரிவடிகட்டி உள்ள வண்டிக்கான சாம்பல் குறைந்த வகை ஆயிலையே ஊற்றுங்கள்; கையேட்டில் சி2, சி3 போன்ற ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம்) குறியீடு இருக்கும். பிறகு வாரத்தில் ஒரு சவாரியையாவது திருச்சிப் பக்கமோ மதுரைப் பக்கமோ எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் ஆயில் கறுப்பது மட்டும் கவலைக்குரியதல்ல. கரியைத் தன்னுள் வாங்கி மிதக்கவிடுவதுதான் அதன் வேலை.

கானாடுகாத்தான் ஆச்சி

டாக்ஸித் தம்பியின் வண்டியையும் பள்ளத்தூர் ஐயாவின் வண்டியையும் சேர்த்துப் பார்த்தால், கம்பியில் ஒரு நாள் தெரியும் உயரத்துக்குத் தனியாகப் பெரிய பொருள் இல்லை என்று படுகிறது. நான் டாஷ்போர்டுப் பெட்டியில் சிறு நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை தேதி, கிலோமீட்டர், கம்பியில் எத்தனையாவது பங்கு, ஊற்றினால் எவ்வளவு மில்லி என்ற நான்கை மட்டும் எழுதுவேன். சில நிறுவனங்களின் கையேடுகள் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவதையே ஏற்கத்தக்கது என்கின்றன. ஆனால் நூறு மில்லி குறைந்துவந்த வண்டி திடீரென்று முந்நூறு குறைந்தால், அது அந்த வரம்புக்குள் இருந்தாலும் ஏதோ மாறியிருக்கிறது. அதை நோட்டுதான் சொல்லும். பட்டறைக்குப் போகும்போதும், கொஞ்சம் குறைகிறது என்று சொல்வதைவிட நோட்டைக் காட்டினால் மரியாதையாகப் பதில் வருகிறது, குறிப்பாகப் பெண்கள் போய்க் கேட்கும்போது.

பள்ளத்தூர் வீட்டுக்காரர்

ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. கசிவு டாப்பெட் கவரின் பின்மூலையில் இருந்தது. கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டிருக்கிறோம். வாராந்திர ஐந்து நிமிட ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மாதம் இருமுறை ஆக்டிங் டிரைவர் ஒருவர் திருப்பத்தூர்வரை ஓட்டிவருவதாக ஏற்பாடு. வடித்த பழைய ஆயிலைக் கேனில் தந்திருக்கிறார்கள். கரையான் வராமல் இருக்கப் பின்கட்டு மரக்கட்டைகளில் பூசலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், செய்யலாமா?

தேவகோட்டைப் பட்டறை

வேண்டாம் ஐயா. பழைய ஆயிலில் தேய்ந்த உலோகத்துகளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிமப் பொருட்களும் இருக்கும். தோலில் படவே கூடாது என்பதால்தான் நாங்களே இப்போது கையுறை போடுகிறோம். வாசல் வடிகாலிலும் ஊற்றிவிடாதீர்கள். நம் ஊர்களில் தெருத்தண்ணீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படிதான் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அதில் விழும் ஆயில் ஊருணியில் படலமாகப் பரவும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். கேனை மூடிப் பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்து, அவர்கள் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

கோட்டையூர்ப் பழைய வண்டி

ஒரு கேள்வி மிச்சம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் குழுவோடு சாமான் ஏற்றிய வேன் ஒன்று நடை வேகத்திலேயே வரும். கிலோமீட்டர் கணக்கில் அது ஒன்றுமில்லை. அதற்கும் ஆயில் பார்க்க வேண்டுமா?

தேவகோட்டைப் பட்டறை

கட்டாயம் பார்க்க வேண்டும் அண்ணே. மீட்டர் ஓடாவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் நின்ற நிலையில் ஓடுவதை 40 முதல் 50 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுவது வண்டித்தொழிலில் வழக்கம். நடை வேகத்தில் எதிர்க்காற்றும் கிடைக்காது, முன்னால் நடப்பவர்கள் கிளப்பும் புழுதி முழுவதும் ஏர் ஃபில்டருக்குப் போகும். கிளம்பும் முன் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரவு தங்கும் இடத்தில் வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, விடியலில் ஸ்டார்ட் செய்யும் முன் ஒருவர் கம்பியை உருவிப் பார்த்துவிடட்டும். அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் சீல் உடைக்காமல், புனலோடும் பனியன் வேஸ்ட்டோடும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். சாமான் மூட்டைகளுக்கு அடியில் வைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது. வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அது அளவுக்கான விளக்கு அல்ல, அழுத்தம் போய்விட்டதற்கானது. அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டாமல், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடச் சொல்லுங்கள்.